பழைய எக்ஸ்கவேட்டர்: ஒரே நேரத்தில் மூன்று எரர் கோடு, இடது பக்கம் திரும்பினால் இன்ஜின் படுத்துவிடுகிறது

#1 இரண்டாம்_கை

எல்லோருக்கும் வணக்கம். 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்று பழையதாக வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஹவர் மீட்டரில் 9,400. காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போவது), 24 வோல்ட். வாங்கிய அன்று மானிட்டரில் ஒரு எரர் கோடுகூட இல்லை. நாங்கள் பார்க்க வருவதற்கு முன்பே அழித்து வைத்திருப்பார்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது.

காலையில் மெஷின் தங்கம் மாதிரி ஓடுகிறது. பதினொரு மணிக்கு மேல், பக்கெட்டை நிரப்பி, பூமைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் ஸ்விங் ஆகும்போது சட்டென்று மஞ்சள் விளக்கு எரிகிறது, பீப் அடிக்கிறது, இன்ஜின் சுருதி இறங்கிவிடுகிறது. 1,900 ஆர்.பி.எம்.-ல் ஓடியது 1,300-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. சாவியை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் எதுவுமே நடக்காதது போல் ஓடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இப்படி. வலது பக்கம் திரும்பும்போது இதுவரை ஒரு தடவைகூட வரவில்லை.

மானிட்டரில் வருவது:
எஸ்.பி.என். 100, எஃப்.எம்.ஐ. 4
எஸ்.பி.என். 102, எஃப்.எம்.ஐ. 4
எஸ்.பி.என். 157, எஃப்.எம்.ஐ. 4

100 என்றால் ஆயில் பிரஷர் என்று தெரிந்ததும் ஆயில் பிரஷர் சென்சரை மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து 102, அதாவது பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) சென்சரை வாங்கலாமா, இல்லை 157, அதாவது ரெயில் பிரஷர் (டீசல் அழுத்தம்) சென்சரையா? எதை முதலில் மாற்றுவது?

#2 பழைய_ஸ்பானர்

மூன்று சென்சர் ஒரே நேரத்தில் சாகாது தம்பி. ஈசிஎம் (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) போய்விட்டது. வெயில் ஏறினால் வருகிறது என்கிறீர்கள், உள்ளே சால்டர் விட்டிருக்கும். எனக்கு இதே மாதிரி வந்து, கடைசியில் ஈசிஎம் மாற்றித்தான் சரியானது. சென்சரில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

#3 மீட்டர்முனை

முதல் வரி நூற்றுக்கு நூறு சரி. மூன்று சென்சர் ஒன்றாகச் சாகாது. ஆனால் அதிலிருந்து ஈசிஎம்முக்குத் தாவியதுதான் இடிக்கிறது. நடுவில் எத்தனையோ அடி ஒயர் இருக்கிறது.

இரண்டாம்_கை, நீங்கள் எஸ்.பி.என். எண்ணைப் பார்த்துவிட்டு எஃப்.எம்.ஐ.-யை விட்டுவிட்டீர்கள். எஸ்.பி.என். சொல்வது எந்த அளவு பற்றிய புகார் என்பதை. எஃப்.எம்.ஐ. சொல்வது புகார் என்ன என்பதை. 100-க்குப் பின்னால் 1 வந்தால் "சென்சர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆயில் பிரஷர் உண்மையாகவே குறைந்துவிட்டது" என்று பொருள். அப்போது மெஷினை அந்த நொடியே நிறுத்த வேண்டும். 100-க்குப் பின்னால் 4 வந்தால் "சிக்னல் ஒயரில் வோல்டேஜ் இருக்கவேண்டியதைவிடக் கீழே போய்விட்டது, பிரஷர் எவ்வளவு என்றே எனக்குத் தெரியவில்லை" என்று பொருள். முன்னது ஆயில் சமாச்சாரம், பின்னது மின்சார சமாச்சாரம்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், தேடுபவர்களுக்கு உதவும். 3 என்றால் வோல்டேஜ் மேலே போய்விட்டது. 5 என்றால் கரண்ட் போகவில்லை. சோலனாய்டு காயிலோ ஒயரோ அறுந்திருக்கலாம். 6 என்றால் கரண்ட் அதிகம். எங்கேயோ எர்த்தில் தட்டுகிறது. 2 என்றால் அளவு தாறுமாறாகக் குதிக்கிறது. லூஸ் காண்டாக்டில் அடிக்கடி பார்க்கலாம். 7 என்றால் மின்சாரம் சரி, ஆனால் சொன்னபடி இரும்பு நகரவில்லை. 9 என்றால் வரவேண்டிய செய்தி நேரத்துக்கு வரவில்லை. இது ஜே1939 என்ற பொது முறையில் பேசும் இன்ஜின்களுக்கு. மெஷின் கன்ட்ரோலர் தன் சொந்த எண்களில் பேசும்; அதற்கு அந்த மாடலின் புத்தகம் வேண்டும்.

உங்களுக்கு மூன்றும் 4. மூன்றும் ஒரே நேரத்தில். மூன்றுமே பிரஷர் சென்சர்கள், மூன்று ஒயர் கொண்டவை. இந்த மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்.

இன்னொன்று. மானிட்டரில் முகப்பில் வருவதை மட்டும்தானே எழுதினீர்கள்? சர்வீஸ் மெனுவுக்குள் போய்ப் பழைய பதிவுகளையும் பாருங்கள். எத்தனை தடவை வந்தது, எந்த ஹவரில் வந்தது என்பதோடு ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை ஒன்றையும் அழிக்காதீர்கள்.

#4 கேபின்_ஓரம்

இடது ஸ்விங்கில் மட்டும் வருகிறது என்றால் ஸ்விங் சோலனாய்டு பக்கம், இல்லையென்றால் இடது ஜாய்ஸ்டிக் அடியில் இருக்கும் ஒயர் பக்கம் பார்க்கலாமே? கேபின் தரை வழியாக ஒயர் இறங்கும் இடத்தில் ரப்பர் வளையம் போய்விட்டால் தகடு அறுத்துவிடும். நான் ஒரு மெஷினில் பார்த்திருக்கிறேன்.

#5 மீட்டர்முனை

அது நல்ல இடம்தான். ஆனால் அங்கே தட்டினால் மெஷின் பக்கத்து கோடு வரும். இவருக்கு வருவது எல்லாம் இன்ஜின் பக்கம். மேல்பகுதி மொத்தமும் ஒன்றாகத்தான் சுற்றுகிறது, இடதோ வலதோ இன்ஜின் ஒயருக்கு என்ன தெரியும்? அந்த "இடது" எனக்குப் புதிராகத்தான் இருக்கிறது. இப்போதைக்கு அதை ஓரமாக வைப்போம்.

#6 இரண்டாம்_கை

மெனுவுக்குள் போனேன். ஆபரேட்டருக்கே தெரியாது அப்படி ஒரு பக்கம் இருப்பது. எழுதியது இதோ:

100 / 4: 61 தடவை
102 / 4: 61 தடவை
157 / 4: 60 தடவை
3509 / 4: 61 தடவை
639 / 9: 14 தடவை
168 / 1: 3 தடவை

இந்த 3509 என்ன? முகப்பில் ஒருநாளும் வந்ததில்லை.

#7 மீட்டர்முனை

அதுதான் ஆள். 3509 என்பது சென்சர்களுக்குப் போகும் சப்ளை வோல்டேஜ், முதல் லைன். ஈசிஎம் 24 வோல்ட்டை வாங்கி, அதைச் சீரான 5 வோல்ட்டாக்கி, அந்த ஒரே லைனில் பல சென்சர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது. ஒரு தெருவுக்கே ஒரு குழாய் மாதிரி. எங்கேயாவது ஒரு வீட்டில் உடைந்தால் தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும். 61, 61, 60, 61 என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். நான்கும் சேர்ந்தே வந்து சேர்ந்தே போயிருக்கின்றன.

பிரஷர் சென்சரின் மூன்று ஒயரில் ஒன்று 5 வோல்ட், ஒன்று சென்சர் எர்த், ஒன்று சிக்னல். சிக்னல் பொதுவாக 0.5-க்கும் 4.5-க்கும் நடுவில்தான் ஆடும். இரண்டு ஓரத்திலும் அரை வோல்ட் காலியாக விட்டிருப்பதே ஒயர் அறுந்ததையும் தட்டியதையும் கண்டுபிடிக்கத்தான். 5 வோல்ட் சரிந்தால் சிக்னலும் கூடவே சரியும், 0.5-க்குக் கீழே போகும், ஈசிஎம் 4 போடும். ரெயில் பிரஷர் தெரியாமல் இன்ஜினை முழு வேகத்தில் விட அதற்குப் பயம்; அதனால்தான் 1,300-ல் பூட்டுகிறது.

ஆக, 5 வோல்ட் எங்கேயோ எர்த்தில் தட்டுகிறது. ஒரு சென்சருக்குள்ளேயே இருக்கலாம், ஒயரில் இருக்கலாம், கப்ளருக்குள் (ஒயரை மாட்டும் இணைப்பு) தண்ணீர் இருக்கலாம். ஈசிஎம் இந்த வரிசையில் கடைசி.

639 வேறு கதை, 168 வேறு கதை. அப்புறம் பார்ப்போம்.

#8 இரவு_ஷிப்ட்

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. எஃப்.எம்.ஐ. 4 என்பதால் ஆயில் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஈசிஎம்முக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள். பழைய மெஷின், 9,400 ஹவர். ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, சூடான இன்ஜினில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. மின்சாரம் என்று நம்பிக்கொண்டு பேரிங்கைக் கருக்கியவர்களை எனக்குத் தெரியும்.

#9 இரண்டாம்_கை

கேஜ் மாட்டிப் பார்த்தாயிற்று. புத்தக அளவுக்குள் இருக்கிறது, ஐடிலிலும் முழு வேகத்திலும். நன்றி, இப்போது நிம்மதியாக ஒயரைப் பார்க்கலாம்.

பூஸ்ட் சென்சர் கப்ளரைக் கழற்றி, சாவி ஆனில் டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தேன். எரியவே இல்லை. அதோடு மஞ்சள் விளக்கும் வந்துவிட்டது. சப்ளையே இல்லை என்றுதானே பொருள்?

#10 மீட்டர்முனை

ஐயோ, டெஸ்ட் லைட் வேண்டாம்! 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று எரியும்போதே முக்கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். குளிர்ந்த இழைக்கு ரெசிஸ்டன்ஸ் இன்னும் குறைவு. சில சென்சர்களுக்குச் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் தரும் 5 வோல்ட் லைனுக்கு அது நேர் ஷார்ட். கோடு வந்தது நீங்கள் வைத்த பல்பால்தான். நல்லவேளை, பெரும்பாலான ஈசிஎம்கள் அந்த லைனில் கரண்டை மட்டுப்படுத்திக்கொள்ளும். ஆனால் அதை நம்பி விளையாடக்கூடாது. கேன் ஒயரிலும் (கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் லைன்) பல்பு வைக்கவே கூடாது.

டிஜிட்டல் மல்டிமீட்டர், டி.சி. வோல்ட். கருப்பு முனையை பாடியில் வைக்காமல் அதே கப்ளரின் சென்சர் எர்த் பின்னில் வையுங்கள். பாடியில் வைத்தால் 5 காட்டும், ஆனால் சென்சர் எர்த் அறுந்திருந்தால் அது தெரியாமலே போய்விடும். பின்னுக்குள் மீட்டர் முனையைத் திணித்துக் கொண்டியை அகலப்படுத்தாதீர்கள். மெல்லிய பின் ஒன்றைக் கப்ளரின் பின்பக்கமாக, ஒயரை ஒட்டிச் செருகுங்கள். ஒயரின் தோலைக் குத்தவும் வேண்டாம். அந்த ஊசித்துளை வழியாக ஈரம் இறங்கி, இரண்டு மழைக்குள் செம்பில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். அடுத்த ஆள் அதைத் தேடி அலைவான்.

5 வோல்ட் ஏற்கெனவே விழுந்து கிடந்தால் வேலை சுலபம். சாவி ஆனில் மீட்டரைப் பார்த்தபடி அந்த லைனில் இருக்கும் சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றவும். எதைக் கழற்றியதும் 5 திரும்ப ஏறுகிறதோ அந்தச் சென்சர்தான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் ஏறவில்லை என்றால் ஒயர்.

#11 இரண்டாம்_கை

இப்போது 5.02 காட்டுகிறது. அசையாமல் நிற்கிறது. மூன்று கப்ளரையும் கழற்றி மாட்டிப் பார்த்தேன், 5.02 தான். ஒயரைக் கையால் ஆட்டினேன், 5.02. இது விட்டுவிட்டு வரும் பிரச்சினை ஆயிற்றே, நிற்கும்போது எப்படிப் பிடிப்பது?

#12 பழைய_ஸ்பானர்

அதைத்தான் முதலிலேயே சொன்னேன். சூடானால்தான் வரும். ஈசிஎம்மில் ஹேர் ட்ரையரைக் காட்டிப் பாருங்கள்.

#13 இரவு_ஷிப்ட்

சூடா என்று பார்க்க ஹேர் ட்ரையர் வேண்டாம், ஒரு கேள்வி போதும். இரண்டாம்_கை, காலையில் என்ன வேலை நடக்கிறது? காலையிலும் லாரிக்கு லோடு அடிக்கிறீர்களா?

#14 இரண்டாம்_கை

இல்லை. காலையில் லெவலிங், மண்ணை இழுத்துச் சமப்படுத்துவது. லாரி வருவதே பதினொரு மணிக்கு மேல்தான்.

…இதை எழுதும்போதே தோன்றுகிறது. லாரி எப்போதும் இடது பக்கம்தான் நிற்கும். ஆபரேட்டருக்கு அந்தப் பக்கம்தான் கண் தெரியும், வலது பக்கம் பூம் மறைக்கும். அப்படியென்றால் இடது பக்கம் திரும்பும்போது மட்டும்தான் பக்கெட் நிறைந்திருக்கும். வலது பக்கம் திரும்புவது காலி பக்கெட்டோடு.

#15 மீட்டர்முனை

அடடா. இடதும் இல்லை, வெயிலும் இல்லை. லோடு! இரவு_ஷிப்டுக்கு ஒரு கும்பிடு.

நிறைந்த பக்கெட்டோடு பூம் ஏற, ஸ்விங்கும் சேர, பம்ப் முழு பாரத்தையும் இன்ஜின் மேல் போடும் நேரம் அது. அந்த நேரத்தில் இன்ஜின் தன் மவுண்டிங்கில் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு) ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். ரப்பர் நன்றாக இருந்தால் கொஞ்சம், கிழிந்திருந்தால் நிறைய. இன்ஜினோடு ஒயரும் நகரும், ஷேசியில் இருக்கும் கிளாம்ப் நகராது. அந்த இடுக்கில் தேடுங்கள்.

முதலில் உறுதி செய்துகொள்ளலாம். மீட்டரில் மின்-மேக்ஸ் (மினிமம், மேக்ஸிமம் அளவைப் பிடித்து வைக்கும்) வசதி இருக்கிறதா? பூஸ்ட் சென்சர் கப்ளருக்குப் பின்னால் பின்னைச் செருகி, நீளமான ஒயர் போட்டு மீட்டரைக் கேபினுக்குள் கொண்டுவாருங்கள். ஃபேன், சைலன்சர் பக்கம் ஒயர் போகாமல் நன்றாகக் கட்டிவிட்டு லோடு அடிக்கச் சொல்லுங்கள். கோடு வந்ததும் மினிமம் எவ்வளவு என்று பார்க்கவும்.

#16 இரண்டாம்_கை

நான்காவது பக்கெட்டில் பீப். மின் 0.31 வோல்ட்! மேக்ஸ் 5.03.

#17 கேபின்_ஓரம்

இதைப் படிக்கவே ஆவலாக இருக்கிறது. வேலைக்குப் போகாமல் ரீஃப்ரெஷ் செய்துகொண்டிருக்கிறேன்.

#18 மீட்டர்முனை

சரி. இனி லோடு அடித்துத் தேட வேண்டாம், இன்ஜினை நிறுத்தியே பிடிக்கலாம். பூமை இறக்கி, பக்கெட் தரையில். சாவி ஆன், இன்ஜின் ஆஃப், யாரும் ஸ்டார்ட் செய்யாமலிருக்கக் கேபினில் ஒரு ஆள். ஒரு கடப்பாரையை மவுண்டிங் பக்கத்தில் கொடுத்து இன்ஜினை மெதுவாக நெம்புங்கள். ஆயில் பேனிலோ பைப்பிலோ கொடுத்துவிடாதீர்கள். மீட்டர் மின்-மேக்ஸில் இருக்கட்டும்.

மீட்டரில் ஒயரை ஓம் வைத்துப் பார்த்துத் திருப்திப்படுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பத்தொன்பது இழையில் பதினெட்டு அறுந்து ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் 0.2 ஓம் என்று சிரித்துக்கொண்டே காட்டும். பவர் ஒயர், எர்த் ஒயர் என்றால் அதன் வழியாக ஒரு ஹெட்லைட் பல்பை எரியவிட்டு, எரியும்போது இரண்டு முனைக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. பல்பு வேண்டாம் என்று மேலே சொன்னது 5 வோல்ட்டுக்கும் கேனுக்கும். கழற்றிவிட்ட பேட்டரி ஒயருக்கு இல்லை. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

#19 இரண்டாம்_கை

கிடைத்துவிட்டது!

பம்ப் பக்கத்து மவுண்டிங்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினோம். ஆபரேட்டர் கேபினிலிருந்து "அஞ்சு… அஞ்சு… ஒண்ணு புள்ளி ஒண்ணு… அஞ்சு" என்று கத்துகிறார். இன்ஜின் விரல்கடை அளவு நகர்கிறது, அவ்வளவு நகரக்கூடாது என்று எனக்கே தெரிகிறது. ரப்பரில் என் கட்டைவிரல் நகம் நுழையும் விரிசல்.

இன்ஜினிலிருந்து ஒயரிங் செட் ஷேசிக்குத் தாவும் இடத்தில் ஒரு தகட்டு பிராக்கெட் இருக்கிறது. அங்கே ஒயரைப் பிடிக்கும் ரப்பர் வைத்த கிளாம்ப் இல்லை, போல்ட் ஓட்டை மட்டும் காலியாக. யாரோ அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் இன்சுலேஷன் டேப், அதன் மேல் கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல் மாதிரி. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டீசலால் துடைத்து, டேப்பைப் பிளேடால் பிரித்தேன். பத்துப் பன்னிரண்டு ஒயர் ஓடுகிறது. அதில் ஒன்றே ஒன்றில் மட்டும் ஒரு பக்கம் தோல் தேய்ந்து, செம்பு கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறது. பிராக்கெட்டின் விளிம்பிலும் அதே அளவுக்கு ஒரு பளபளப்பு. இரண்டையும் நேராக வைத்துப் பார்த்தால் சாவியும் பூட்டும் போலப் பொருந்துகிறது.

கப்ளரிலிருந்து கன்டினியூட்டி பார்த்தேன். 5 வோல்ட் ஒயரேதான்.

அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு ஆச்சரியம். ஏற்கெனவே இரண்டு ஒயரை வெட்டி, கையால் முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார்கள். பச்சைக் களிம்பு. யாரோ எனக்கு முன்னால் இதே பிரச்சினையைத் தேடி இந்த இடம்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

#20 மீட்டர்முனை

ஒரு சாணில் கோட்டை விட்டிருக்கிறார். பாவம்.

மறுபடி டேப் சுற்றி மூடிவிடாதீர்கள். களிம்பு பிடித்த பகுதியை, செம்பு சிவப்பாகத் தெரியும்வரை வெட்டி எறியுங்கள். அதே தடிமன் ஒயர் சேர்த்து, நல்ல கிரிம்பிங் பிளையரால் கிரிம்ப் செய்து, உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். இணைப்புகளை ஒரே இடத்தில் வைக்காமல் முன்பின்னாகத் தள்ளி வையுங்கள். மேலே நெளிகுழாய் உறை. கிளாம்பை அதன் இடத்தில் போல்ட் செய்து, இன்ஜினுக்கும் ஷேசிக்கும் நடுவில் ஒயர் கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும்.

மவுண்டிங் ரப்பரை மாற்றாமல் விட்டால் அடுத்த வருடம் வேறு ஒயர், வேறு கோடு.

#21 பழைய_ஸ்பானர்

சரி, ஒத்துக்கொள்கிறேன், ஈசிஎம் இல்லை. ஆனால் கிரிம்ப் எதற்கு, சால்டர்தான் உறுதி. முப்பது வருடமாகச் சால்டர்தான் வைக்கிறேன்.

#22 மீட்டர்முனை

வீட்டு ரேடியோவுக்குச் சால்டரைப் போல வராது. அதிரும் மெஷினில் சால்டர் ஒயரின் இழைகளுக்குள் ஊறி, அந்த ஒரு அங்குலத்தைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடியும் விளிம்பில் அதிர்வு வேலை செய்து இழை இழையாக அறுக்கும். கிரிம்ப் நல்ல பிளையரால் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கட்டிங் பிளையரால் நசுக்கிய கிரிம்ப்பைவிட உங்கள் சால்டர் மேல், அதை மறுக்கவில்லை.

#23 இரவு_ஷிப்ட்

ஸ்பானர் அண்ணே, நீங்கள் ஈசிஎம் மாற்றிய கதையைச் சொன்னீர்களே, அதற்கு முன்னால் அந்த மெஷினில் வெல்டிங் எதுவும் நடந்ததா?

#24 பழைய_ஸ்பானர்

பக்கெட்டுக்குப் பல் வைத்தோம். ஏன்?

#25 இரவு_ஷிப்ட்

பேட்டரியைக் கழற்றினீர்களா? எர்த் கிளாம்ப் எங்கே போட்டீர்கள்?

#26 பழைய_ஸ்பானர்

டிராக்கில் போட்டோம்… சரி விடுங்கள், புரிகிறது.

#27 இரவு_ஷிப்ட்

மற்றவர்களுக்காக எழுதிவிடுகிறேன். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இரண்டு முனையையும் கழற்ற வேண்டும். கன்ட்ரோலர்களின் கப்ளர்களையும் கழற்றுவது இன்னும் நல்லது. எர்த் கிளாம்ப் வெல்ட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இரும்பில். பக்கெட்டில் வெல்ட், டிராக்கில் எர்த் என்றால் கரண்ட் ஆர்ம், பூம், ஸ்விங் பேரிங் எல்லாவற்றையும் தாண்டித்தான் போகவேண்டும். வழியில் எந்தப் பேரிங்கில் பொறி விடும், எந்தக் கன்ட்ரோலரின் எர்த் வழியாகக் குறுக்கே ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

#28 இரண்டாம்_கை

பத்து நாள் கழித்து வருகிறேன். ஒயர் சரிசெய்து, கிளாம்ப் போட்டு, நான்கு மவுண்டிங் ரப்பரும் மாற்றியாயிற்று. எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டு ஓட்டினோம். 100, 102, 157, 3509 நான்கும் இந்தப் பத்து நாளில் பூஜ்யம். இன்ஜின் அதிர்வே குறைந்துவிட்டது. கேபினில் கண்ணாடி கடகடவென்று ஆடும், அதுவும் நின்றுவிட்டது.

639 மட்டும் இரண்டு தடவை வந்தது, காலையில் சாவி போட்டதும். 168-ம் ஒரு தடவை.

#29 மீட்டர்முனை

639 என்பது கேன் லைன். கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறுக்கிய ஜோடி ஒயர். போஷ் 1986-ல் கார்களுக்காகக் கொண்டுவந்தது, இப்போது அது இல்லாத மெஷினே இல்லை. அந்த லைனின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும். சாவி ஆஃப், பேட்டரி ஐசொலேட்டரும் ஆஃப். டயக்னாஸ்டிக் கப்ளரில் கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 என்றால் சரி, இரண்டு 120-ம் இணையாக இருப்பதால் 60. 120 காட்டினால் ஒன்று காணவில்லை. 40 காட்டினால் யாரோ மூன்றாவது ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

168 / 1 பேட்டரி வோல்டேஜ் குறைவு. இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

#30 கேபின்_ஓரம்

பேட்டரிக்கு என்னிடம் ஒரு ஊகம் இருக்கிறது. மெஷினில் ரேடியோவோ மொபைல் சார்ஜரோ பிற்பாடு மாட்டியிருக்கிறார்களா? 12 வோல்ட் வேண்டும் என்று இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுவார்கள். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து 28 வோல்ட்டில் சார்ஜ் செய்யும், யார் குறைவாக இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒன்று பட்டினி கிடக்கும், இன்னொன்று அஜீரணத்தில் கொதிக்கும்.

#31 இரண்டாம்_கை

கேபின்_ஓரம், இந்தத் தடவை அப்படியே அடித்துவிட்டீர்கள். ஒரு பேட்டரி 12.9, இன்னொன்று 12.1. ரேடியோ ஒயர் நடுவிலிருந்துதான் போகிறது. அதை எடுத்துவிட்டு 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டேன். இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக முழு சார்ஜ் செய்து மாட்டினேன்.

கேன் லைனில் 121 ஓம். தேடியதில் சீட்டுக்குப் பின்னால், பழைய ட்ராக்கர் கருவியைக் கழற்றிய இடத்தில், ஒரு சின்னக் கப்ளர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதில் மாட்ட வேண்டிய மூடி மாதிரியான ரெசிஸ்டர் ஒரு அடி கீழே, மண்ணுக்கும் நிலக்கடலைத் தோலுக்கும் நடுவில். சுத்தம் செய்து மாட்டினேன். 60.4.

#32 மீட்டர்முனை

ட்ராக்கரைக் கழற்றியவர் அதோடு சேர்ந்தது என்று நினைத்து இதையும் பிடுங்கியிருப்பார். ஒரு ரெசிஸ்டர் இல்லாவிட்டாலும் இந்த மாதிரிக் குட்டையான லைன் பெரும்பாலான நேரம் ஓடிவிடும், அதனால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஒரு கேள்வி. முதலில் மாற்றினீர்களே, அந்தப் பழைய ஆயில் பிரஷர் சென்சர் எங்கே?

#33 இரண்டாம்_கை

தூக்கிப் போடவில்லை, டூல்பாக்ஸில்தான் கிடந்தது. நேற்று அதையே திரும்ப மாட்டினேன். சாவி ஆனில் சிக்னல் 0.51 வோல்ட், ஸ்டார்ட் செய்ததும் ஏறுகிறது, கேஜோடு ஒத்துப்போகிறது. இன்று முழுக்க லாரிக்கு லோடு அடித்தோம், எல்லாம் இடது பக்கம்தான். ஒரு பீப் இல்லை. புதுச் சென்சரைத் துடைத்து டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.